மினிபாரைக் காலி பண்ணச் சொன்ன துரைராசு

மேலமாங்கொல்லை துரைராசு கப்பலில் ஏறியது சொந்தச் செலவில் அல்ல. திருப்பனந்தாள் கடைத்தெருவில் அவருக்கு ஓர் உரக்கடை உண்டு. அந்த வருஷம் அதிகமாக மருந்து விற்ற நாற்பது உரக்கடைக்காரர்களை ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி மனைவிமாரோடு சென்னைத் துறைமுகத்துக்கு வரவழைத்தது. இரண்டு நாள் கடலில் சுற்றிக் காட்டிவிட்டு ஏறின இடத்திலேயே இறக்கிவிடுவதாக ஏற்பாடு. துரைராசு நிறைய மருந்து விற்றதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. யூரியா கேட்டு வருகிறவர்களிடம், மருந்து ஒரு டப்பா சேர்த்து எடுத்தால்தான் யூரியா மூட்டை என்று சொல்லிவிடுவார். வயலில் பூச்சி இருக்கிறதா என்று அவர் யாரையும் கேட்டது கிடையாது.

அவர் அரசியல்வாதியும்கூட. ஆளுங்கட்சியில் இருந்தார். எந்தக் கட்சி ஆண்டாலும் ஆளுங்கட்சியில்தான் இருந்தார். பீரோவில் இரண்டு கட்சிக் கரை வேட்டிகளும் துவைத்து மடித்துத் தயாராக இருக்கும். ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு மத்தியானம் வரை கைலியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து போய் உரிய வேட்டியைக் கட்டிக்கொண்டு பட்டாசு கொளுத்தக் கிளம்புவார். இதெல்லாம் போதாதென்று ஒன்றிய மது ஒழிப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். சாயங்காலம் ஆறரை மணிக்குக் கடைக்குப் பின்னால், சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் அவர் என்ன குடிப்பார் என்பது கடைத்தெருவுக்கே தெரியும். வீட்டுக்கு வரும்போது ஏலக்காய் மென்றுகொண்டு வருவார். அவர் மனைவி மங்களாம்பிகை இருபத்தெட்டு வருஷமாக அந்த ஏலக்காயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மங்களாம்பிகைக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் மருந்தை எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஐஸ்கட்டி போட்டு, துணி சுற்றி, ஊரிலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தாள். கப்பல் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஃபிரிட்ஜைப் பார்த்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. திறந்தால், விரல் நுழைய இடமில்லை. சின்னச் சின்னப் பாட்டில்கள், டப்பாக்கள், எல்லாம் பொம்மைக் கொலு மாதிரி படிபடியாக அடுக்கியிருந்தன.

"ஏங்க, இதையெல்லாம் எடுக்கச் சொல்லுங்க. மருந்து வைக்கணும்."

துரைராசு குனிந்து பார்த்தார். பார்த்தவர் சற்று நேரம் நிமிரவில்லை. பிராந்தியிலேயே நாலு தினுசு இருந்தது. ஆனால் அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே நடையில் பட்டுக்கோட்டை மீரா உசேனும் இன்னும் நாலைந்து கடைக்காரர்களும் தங்கள் அறை எண்ணைத் தேடிக்கொண்டு நின்றார்கள். துரைராசு நிமிர்ந்து மேடைக் குரலில் சத்தம் போட்டார்.

"யாருங்க இந்த ரூமுக்கு ஆளு? இந்தக் கருமத்தை மொதல்ல காலி பண்ணுங்க! குடும்பத்தோட வர்ற எடத்துல சாராயத்த அடுக்கி வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

அந்த நடையிலுள்ள பதினாறு அறைகளைப் பார்த்துக்கொள்கிற ஊழியர் ஓடிவந்தார். முப்பது வயதிருக்கும். தேய்த்த சாம்பல் நிறச் சட்டை, சட்டையில் 'நல்லா' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதிய பெயர்ப்பட்டை. முழுப் பெயர் வெளிநாட்டுப் பயணிகளின் வாயில் நுழையாது என்று கப்பல்காரர்கள் பாதியாக்கியிருந்தார்கள்.

"வணக்கம் சார். தாராளமா எடுத்துடலாம். மினிபாரை மொத்தமா காலி பண்ணணும்னா இந்தப் ஃபாரத்துல ஒரு கையெழுத்து வேணும் சார். நீங்களும் மேடமும்."

"தமிழ்க்காரரா நீங்க? நல்லதாப் போச்சு, குடுங்க தம்பி." துரைராசு வாங்கி, தன் பெயருக்கு நேரே ஒரு கிறுக்கு, அடுத்த பெயருக்கு நேரே இன்னொரு கிறுக்கு போடப் போனார்.

ஊழியர் காகிதத்தின் மேல் கையை வைத்தார். "மேடமுக்குள்ளதை அவங்கதான் சார் போடணும்."

"அவளுக்கும் சேத்து நாந்தான் தம்பி போடறது. வீட்டுல எல்லாத்துக்கும் நாந்தான்."

"இங்க அப்படி முடியாது சார். மன்னிக்கணும்."

மங்களாம்பிகை பேனாவை வாங்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தமிழில் ஒவ்வொரு எழுத்தாக, குண்டு குண்டாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடிக்க நேரமாயிற்று. ஊழியர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். ஃபாரத்தின் மேல் அச்சிட்டிருந்த பெயரையும் ஊரையும் பார்த்தார். பிறகு மறுபடி கையெழுத்தைப் பார்த்தார். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைக்கத் தொடங்கினார்.

"இருங்க, இருங்க," என்றார் துரைராசு. "அந்தத் தட்டோட அப்படியே நில்லுங்க." மனைவி கையில் போனைக் கொடுத்தார். ஒரு கையை ஃபிரிட்ஜை நோக்கி நீட்டி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். படம் மூன்றாவது தடவைதான் அவருக்குத் திருப்தியாக வந்தது. கப்பல் இன்னும் கிளம்பவில்லை, சிக்னல் இருந்தது. 'கடலிலும் கொள்கை!' என்று தலைப்புப் போட்டு ஊர் வாட்சப் குழுவுக்கு அனுப்பினார். நடையில் நின்ற கடைக்காரர்களிடமும் காட்டினார்.

முதலில் பதினேழு பேர் கும்பிட்டார்கள். ஊர்க் கட்டடமேஸ்திரி ரெத்தினம் மட்டும் கும்பிடவில்லை. 'அண்ணே, தட்டு வச்சிருக்கிறது நம்ம களத்துமேட்டுத் தெரு காத்தாயி மவன் நல்லக்கண்ணுல்ல?' என்று எழுதியிருந்தான்.

துரைராசு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். காத்தாயி மகனை அவர் ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பார். வயலில் குனிந்திருக்கும்போதும், கடையில் மூட்டை இறக்கும்போதும். முகத்தைப் பார்த்ததாகத்தான் ஞாபகம் இல்லை.

அறைக்கு ஐஸ் கொண்டுவந்த நல்லக்கண்ணுவை அவர் வாசலிலேயே மறித்தார்.

"அட, காத்தாயி மவனாடா நீ? சொல்லவே இல்ல பாரு!"

"கேக்கலியே சார்."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் 'தம்பி, நீங்க' என்று இருந்தது 'டா, நீ' என்று ஆகிவிட்டது. நல்லக்கண்ணுவின் 'சார்' மட்டும் மாறவில்லை. துரைராசுக்கு அதுதான் உறுத்தியது. ஊரில் என்றால் 'ஐயா' என்று சொல்லியிருப்பான்.

"சரி, நல்லதாப் போச்சு. உங்கம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. திங்கக்கெழம தாலுக்கா ஆபீஸ்ல விசாரணை இருக்கு. மத்த பத்து வீட்டுக்காரனும் பேசினா கேக்கறான். அவதான் ஏத்திவுடறா. நீ கப்பல்ல வெள்ளைக்காரன் மாதிரி இருக்கே, ஒனக்கு எதுக்குடா அந்தக் குடிசை?"

"குடிசை இல்ல சார். போன வருசம் மாடி போட்டாச்சு."

கப்பல் சங்கு ஊதியது, துரைராசு அதைச் சாக்காக வைத்து மேல்தளத்துக்குப் போய்விட்டார்.

களத்துமேட்டுத் தெருவில் பதினொரு வீடுகள். ஒரு காலத்தில் அது மங்களாம்பிகையின் தகப்பனார் பஞ்சநதத்தின் நிலம். அவர் வயலில் வேலை பார்த்தவர்கள் அந்த மேட்டில் குடிசை போட்டிருந்தார்கள். எழுபத்தொன்றில், யார் நிலத்தில் குடியிருந்தாலும் குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் சண்டை. பஞ்சநதமும் வக்கீல் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பதினொரு பேருக்கும் விட்டுக்கொடுத்தார். அதை யாரும் பதினொரு மனையாக அளந்து உட்பிரிவு செய்யவில்லை. பழைய பதிவேடு கம்ப்யூட்டருக்கு ஏறியபோது முழு நிலமும் மறுபடி பஞ்சநதம் பேருக்கே வந்து, வாரிசாக மங்களாம்பிகை பேருக்கு மாறியது. உட்பிரிவு செய்யாததால் ஐம்பது வருஷம் யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு நாலுவழிச் சாலை அந்த மேட்டை உரசிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு பெட்ரோல் பங்க் இருந்தால் நன்றாக இருக்கும் என்று துரைராசுக்குத் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் கடல் தவிர வேறெதுவும் தெரியவில்லை. துரைராசுக்கு நாக்கு வறண்டது. முந்தின நாள் சாயங்காலம் ஆறரையும் வீணாகப் போயிருந்தது. கப்பலில் ஏழு மதுக்கூடங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் அந்தப் படத்தைப் பார்த்த கடைக்காரர்கள் இருந்தார்கள். மங்களாம்பிகை சாப்பாட்டுக்கூடத்துக்குப் போன சமயம் பார்த்து, அறையைச் சுத்தம் செய்ய வந்த நல்லக்கண்ணுவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டேய், நேத்து எடுத்துட்டுப் போனியே... அதுல சின்னதா ஒரு ரெண்டு கொண்டாயேன். மருந்துக்கு."

"வச்சிடலாம் சார். ஆனா காலி பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கீங்க. திரும்ப வைக்கணும்னா வேற ஃபாரம். நீங்களும் மேடமும் கையெழுத்துப் போடணும்."

"அவகிட்ட எப்படிடா வாங்குறது?"

"அது தெரியல சார்."

வேறு வழியில்லாமல் மீரா உசேன் அறைக்குப் போனார். மீரா உசேன் தேங்காய் வியாபாரமும் உரக்கடையும் சேர்த்து நடத்துகிறவர், நிதானமான மனிதர். துரைராசு சுற்றி வளைத்துப் பேசி விஷயத்துக்கு வந்ததும் அவர் தன் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் இருந்தன.

"நானும் ஏறினவொடனே எடுக்கச் சொல்லிட்டேன்ணே. போட்டோதான் எடுக்கல."

அதே நேரம், சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பிய மங்களாம்பிகை, துண்டு மாற்றிக்கொண்டிருந்த நல்லக்கண்ணுவிடம் பேச்சுக் கொடுத்தாள். அவன் யார் என்று வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்திருந்தது. ஆனால் அவள் 'நீங்க' என்றுதான் பேசினாள். முன்னால் அப்படிப் பேசியிருப்பாளா என்று அவளுக்கே தெரியாது. இந்தச் சட்டையைப் பார்த்து வேறு மாதிரி பேச வாய் வரவில்லை.

"உங்கம்மா சௌக்கியமா தம்பி? ஒரு வருசமா எங்க வீட்டுப் பக்கமே வர்றதில்ல. வழியில பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா. நான் என்ன பண்ணினேன்னு தெரியல."

நல்லக்கண்ணு துண்டை மடித்து வைத்தான். "நீங்கதான கேஸ் போட்டிருக்கீங்க அம்மா."

"நானா? என்ன கேஸ்?"

அவளுடைய முகத்தைப் பார்த்ததும் முந்தின நாள் நினைத்தது சரி என்று அவனுக்குப் புரிந்தது. வேலை நேரத்தில் போனை எடுக்கக்கூடாது என்பது கப்பலின் கண்டிப்பான விதி. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் வந்து காட்டுவதாகச் சொன்னான். மீதி வேலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். விருந்தினர் அறையில் வேலை நேரத்துக்குப் பிறகு நிற்பது அதைவிடப் பெரிய குற்றம். ஒன்பது வருஷ வேலை. தங்கையின் நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அம்மா தாலுக்கா ஆபீஸ் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு போனில் கத்தியதும் ஞாபகம் வந்தது. மூன்று மணிக்குப் போனான். உள்ளே நுழையாமல், திறந்த கதவுக்கு வெளியே நின்றபடி, நோட்டீசோடு வந்த மனுவின் படம் இருந்த போனை நீட்டினான்.

ஆக்கிரமிப்பாளர் பதினொருவரை வெளியேற்றக் கோரும் மனு. மனுதாரர் மங்களாம்பிகை. கீழே ஆங்கிலத்தில் சாய்வாக, வாலை நீட்டி ஒரு கையெழுத்து.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "எனக்கு இங்கிலீஷ்ல கையெழுத்துப் போடவே தெரியாதே."

"நேத்து நீங்க போட்டதப் பாத்தப்பதான் எனக்கும் தோணுச்சு."

"எங்கப்பா ஒண்ணும் மனசார குடுக்கல தம்பி. பல்லக் கடிச்சிக்கிட்டுத்தான் குடுத்தாரு. ஒரு வாரம் சாப்பிடல. ஆனா குடுத்தாரு. அத எடுத்துக்க நான் யாரு?"

துரைராசு அந்த நேரம் பார்த்து நடையில் வந்தார். வறண்ட நாக்கு, மீரா உசேனின் பேரீச்சம்பழம், வாசலில் காத்தாயி மகன், மனைவி கையில் அவன் போன். எல்லாம் ஒன்றுசேர்ந்து தலைக்கேறியது. அவர் போட்ட சத்தத்தில் பதினாறு அறைக் கதவுகளும் திறந்தன. மேற்பார்வை அதிகாரி வந்தார். அவர் கோவாவைச் சேர்ந்த ஓர் அம்மாள், தமிழ் தெரியாது. துரைராசுக்கோ ஆங்கிலம் மருந்து டப்பாவில் இருக்கிற அளவுதான் தெரியும். ஆகவே புகாரை மொழிபெயர்க்கிற வேலையும் நல்லக்கண்ணுவிடமே வந்து சேர்ந்தது.

"சொல்லுடா அந்தம்மாகிட்ட! இவன் என் பொண்டாட்டிகிட்ட இல்லாததும் பொல்லாததும் சொல்லிக் குடும்பத்துல கலகம் பண்றான்னு சொல்லு!"

நல்லக்கண்ணு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னான்.

"இவனை இந்த நிமிசமே வேலையை விட்டுத் தூக்கணும்னு சொல்லு!"

அதையும் சொன்னான். பிறகு துரைராசுவிடம் திரும்பி, "இவன்னா யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன் சார்," என்றான்.

யாரோ சிரித்தார்கள். மேற்பார்வை அம்மாள் சிரிக்கவில்லை. விருந்தினருக்குப் போன் காட்டினாயா என்று அவனிடம் கேட்டார். காட்டினேன் என்றான். அவர் மங்களாம்பிகையைப் பார்த்தார்.

மங்களாம்பிகைக்கு இத்தனை பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "அவரு மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் கேட்டேன், அவரு சொன்னாரு. உள்ளகூட வரல. பொய் சொன்னது எங்க வீட்டுக்காரரு."

இதை மொழிபெயர்க்க நல்லக்கண்ணுவுக்கு நாக்கு எழவில்லை. மீரா உசேன் முன்னால் வந்து சொல்லி முடித்தார். துரைராசுக்குப் பொய்யன் என்று பெயர் கெட்டதுகூடப் பெரிதாகப் படவில்லை. காத்தாயி மகனைத் தன் பெண்டாட்டி 'அவரு' என்று சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கப்பல் திரும்பி வந்து சேருவதற்குள் விதியை மீறியதற்காக நல்லக்கண்ணுவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, வேலை தப்பியது. துரைராசுக்குக் கம்பெனி சார்பில் ஒரு சுவர்க்கடிகாரம் கிடைத்தது.

ஊர் போகிற வேனில் அவர் சமாதானமாகப் பேசிப்பார்த்தார். "எல்லாம் உனக்காகத்தான் மங்களம். பங்க் உன் பேர்லதான் வரும்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சும்மா மனசப் போட்டு அலட்டிக்காத, சுகர் ஏறிடும்," என்றார். விழுப்புரம் வரை அவர்தான் பேசினார்.

திங்கட்கிழமை அவள் அவருடைய காரில் ஏறவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துத் தாலுக்கா ஆபீசுக்குப் போனாள். வராந்தாவில் பதினொரு வீட்டுக்காரர்களும் நின்றார்கள். காத்தாயி அவளைப் பார்த்ததும் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வட்டாட்சியர் முன்னால் மங்களாம்பிகை சொன்னது இரண்டே வாக்கியம். இந்த மனு நான் கொடுத்ததில்லை. இது என் கையெழுத்து இல்லை. வட்டாட்சியர் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பின்வரிசையில் கரை வேட்டியோடு உட்கார்ந்திருந்த துரைராசுவைப் பார்த்தார்.

"இதுக்குப் போலீஸ்ல புகார் குடுக்கலாம்மா. குடுக்கறீங்களா?"

மங்களாம்பிகை யோசித்தாள். "இப்ப வேணாம் சார். தேவைப்பட்டா குடுக்கறேன். அதுக்குக் காலவரை ஏதாவது இருக்கா?"

அப்படி அவசரம் ஒன்றும் இல்லை என்றார் அவர். துரைராசுவின் நெற்றி வேர்த்துவிட்டது.

வெளியே வந்து அவள் காத்தாயி பக்கத்தில் போய் நின்றாள். ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது.

"இத்தன நாளு எங்கம்மா போயிருந்தீங்க?" என்றாள் காத்தாயி. "சாலைக்காரன் குறிக்கல்லு நட்டப்ப, இவரு ஆளு வந்து குழாயப் புடுங்கினப்ப, உங்க வீட்டு மாடியில நின்னா எங்க தெரு தெரியாதா?"

மங்களாம்பிகைக்குத் தெரியும். மாடியில் துணி காயப்போடும்போது பார்த்திருக்கிறாள்.

"வாயால சொன்னா பத்தாது. உட்பிரிவு பண்ணிப் பட்டா குடுக்கணும்னு எழுதிக் குடுங்க. பதினோரு வீட்டுக்கும். இன்னிக்கே."

மங்களாம்பிகை எழுதிக் கொடுத்தாள். துரைராசு காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் போய் ஒன்றும் சொல்லவில்லை. போலீஸ் புகாருக்குக் காலவரை இல்லை என்று காதாரக் கேட்டிருந்தார்.

சர்வேயர் மூன்று தடவை வருகிறேன் என்று சொல்லி நாலாவது தடவை வந்தார். தை மாதம் பட்டா தயாரானது. அதைத் தாலுக்கா ஆபீஸ் ஜன்னலிலேயே கொடுத்திருக்கலாம். துரைராசு விடவில்லை. களத்துமேட்டில் பந்தல் போட்டார். எம்.எல்.ஏ. வந்தார். ஐம்பதாண்டுக் கனவை நனவாக்கிய ஏழைப் பங்காளர் என்று துரைராசுவின் படம் போட்ட தட்டி, நாலுவழிச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி கட்டியிருந்தது. மங்களாம்பிகை வரவில்லை. கால் வலி என்று சொல்லியனுப்பினாள்.

காத்தாயியைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பட்டாவை வாங்கினாள். பெயர் சரியா, உட்பிரிவு எண் சரியா என்று மேடையிலேயே நின்று, பக்கத்துவீட்டுப் பெண் அம்சத்தை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு நிமிஷம் எம்.எல்.ஏ. சால்வையை விரித்துப் பிடித்தபடி காத்திருந்தார். சரியாக இருந்தது. மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். மற்ற பத்துப் பேரும் அதே மாதிரி வாங்கினார்கள், வாசித்தார்கள், போனார்கள். அன்றைக்கு உளுந்து விதைப்பு இருந்தது.

அதற்குப் பிறகுதான் துரைராசு மைக்கைப் பிடித்தார். ஏழை மக்களின் நில உரிமையைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். உரக்கடை ஆட்கள் ஒன்பது பேரும், பந்தல்காரரும், நாற்காலியைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்தவரும் கேட்டார்கள்.